கார், பைக் திருட்டு அலாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கும்போது சேல்ஸ்மேன் 'செக்யூரிட்டி சிஸ்டம் இருக்கு சார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்த ஒரு வரிக்குள் மூன்று நான்கு தனித்தனி சாதனங்கள் இருக்கின்றன. எது எதைத் தடுக்கும், எது சத்தம் மட்டும் போடும் என்று தெரியாமல்தான் பலரும் ஆக்சசரீஸ் கடையில் காசைக் கொட்டுகிறார்கள். வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

சென்ட்ரல் லாக், அலாரம், இம்மொபிலைசர் மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தாலே பாதி விஷயம் முடிந்தது. சென்ட்ரல் லாக் கதவுகளைப் பூட்டும், அவ்வளவுதான். அலாரம் யாராவது கை வைத்தால் கத்தும், வண்டியை நிறுத்தாது. இம்மொபிலைசர் சத்தமே போடாது, ஆனால் சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாது. திருடன் அலாரத்தைக் கேட்டுப் பயந்து ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். இம்மொபிலைசரிடம் அந்த 'லாம்' கிடையாது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இம்மொபிலைசரை எடுங்கள்.

இதற்கு அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. அங்கே 2011 முதல் 2021 வரை விற்ற ஹூண்டாய், கியா கார்களில் பலவற்றில், அதாவது சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் மலிவு மாடல்களில், இம்மொபிலைசர் இல்லை. அமெரிக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை என்பதால் கம்பெனி மிச்சம் பிடித்தது. அந்த ஓட்டையைக் காட்டும் வீடியோக்கள் 2022 வாக்கில் டிக்டாக்கில் பரவ, ஊர் ஊராகப் பையன்கள் கார்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்து நாடான கனடாவில் 2007 செப்டம்பர் முதலே புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம், அதனால் அங்கே இந்தக் கூத்து நடக்கவில்லை. 2023 பிப்ரவரியில் கம்பெனிகள் இலவசமாக ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் கொடுத்தன. அது அலாரம் அடிக்கும் நேரத்தை 30 நொடியிலிருந்து 1 நிமிடமாக நீட்டியது. கூடவே சாவி உள்ளே இருந்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்றும் மாற்றியது. இதில் உண்மையான வேலையைச் செய்தது இரண்டாவது மாற்றம்தான்.

ரிமோட்டில் லாக் அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது?

ரிமோட் ஒரு சின்ன ரேடியோ டிரான்ஸ்மிட்டர். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315. அழுத்தியதும் போகும் சிக்னலை டேஷ்போர்டுக்குள் இருக்கும் கண்ட்ரோல் யூனிட் வாங்கி, 'இது நம்ம ரிமோட்தானா' என்று சரிபார்க்கும். சரி என்றால் நான்கு கதவின் மோட்டார்களுக்கும் கரண்ட் போய் பூட்டு விழும், இண்டிகேட்டர் ஒருமுறை மின்னும், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிய ஆரம்பிக்கும். சில நொடி கழித்து யூனிட் காவலுக்கு உட்காரும்.

காவல் என்றால் என்ன? ஒவ்வொரு கதவிலும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கதவைத் திறந்தால் உள் லைட் எரிய வைக்கிறதே, அதேதான். டிக்கியில் ஒன்று, பானெட்டில் பல கார்களில் ஒன்று. காவலில் இருக்கும்போது ரிமோட்டிலிருந்து அன்லாக் சிக்னல் வராமல் இதில் ஏதாவது ஒன்று 'திறந்துவிட்டது' என்று சொன்னால் ஹாரனோ சைரனோ அடிக்கும், இண்டிகேட்டர்கள் நான்கும் மின்னும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குறைந்த விலைக் கார்களில் கம்பெனி அலாரம் என்பது பெரும்பாலும் இந்தச் சுவிட்சுகளை மட்டுமே நம்பி இருக்கிறது. ஒருவன் கண்ணாடியை உடைத்து, கையை விட்டு, சீட்டில் இருக்கும் லேப்டாப் பையை அந்த வழியாகவே உருவிக்கொண்டு போனால் கதவு திறக்கவே இல்லை. அலாரத்தைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை. 'அலாரம் இருந்தும் அடிக்கலையே' என்று புலம்புகிறவர்கள் கதை பெரும்பாலும் இதுதான்.

லாக் செய்தேன், ஆனால் பீப் சத்தம் வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் ஏதோ ஒரு கதவோ டிக்கியோ சரியாகச் சாத்தியிருக்காது. சுற்றி வந்து எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எல்லாம் சாத்தியும் வரவில்லை என்றால் கதவு சுவிட்ச் போயிருக்கலாம். மழைக்காலத்தில் துரு பிடித்து இப்படி ஆவது சகஜம்.

நான் அன்லாக் செய்த பிறகும் கார் தானாக லாக் ஆகிவிடுகிறது, ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. அன்லாக் செய்து அரை நிமிடம் போல எந்தக் கதவும் திறக்காவிட்டால் தெரியாமல் பட்டன் பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு அதுவே மறுபடி பூட்டிக்கொள்ளும். பேன்ட் பாக்கெட்டில் சாவி அமுங்கும் ஆட்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஷாக் சென்சார், டில்ட் சென்சார் என்கிறார்களே?

ஷாக் சென்சார் அதிர்வைப் பிடிப்பது. உள்ளே ஒரு மெல்லிய பீசோ வில்லை இருக்கும், அது அதிரும்போது சின்ன மின்னழுத்தம் பிறக்கும். யூனிட் அதை இரண்டு படியாக அளக்கிறது: லேசாகத் தட்டினால் நாலு பீப் போட்டு எச்சரிக்கும், பலமாக அடித்தால் முழு சைரன். டில்ட் சென்சார் சாய்வைப் பிடிப்பது. ஜாக்கி போட்டு வீலைக் கழற்றுவதற்கும், கிரேனில் தூக்கிக்கொண்டு போவதற்கும் எதிரானது. நோ பார்க்கிங்கில் விட்ட உங்கள் காரைப் போக்குவரத்து போலீஸ் தூக்கினாலும் அடிக்கும், அதற்கெல்லாம் அது பொறுப்பில்லை.

விலை கூடிய கார்களில் உள்ளே அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கும். கூரைப் பக்கம் இரண்டு சின்ன வட்டங்கள் தெரியும். காதுக்குக் கேட்காத ஒலியை ஒன்று அனுப்பும், திரும்பி வருவதை மற்றது கேட்கும். உள்ளே ஏதாவது அசைந்தால் திரும்பி வரும் ஒலி மாறிவிடும். கண்ணாடியை உடைத்துக் கையை விடுகிறவனைப் பிடிப்பது இதுதான். ஜன்னலை விரலளவு இறக்கி வைத்துவிட்டுப் போனால் காற்றுக்கும் அடித்துத் தொலைக்கும். நாய்க்குட்டியை உள்ளே விட்டுப் பூட்டினாலும் அடிக்கும். சும்மாவே பூட்டிய காருக்குள் எந்த உயிரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது, நம் வெயிலில் சொல்லவே வேண்டாம்.

தீபாவளி அன்றைக்குத் தெருவே அலறுகிறது. இதை நிறுத்த வழி இல்லையா?

இருக்கிறது, யாரும் செய்வதில்லை! வெளியில் மாட்டிய அலாரத்தில் ஷாக் சென்சார் தனிச் சின்னப் பெட்டியாக ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கேயாவது ஒட்டியிருக்கும். அதில் திருகுகிற மாதிரி ஒரு பொத்தான் உண்டு. கடையில் மாட்டும்போது கஸ்டமருக்கு முன்னால் விரலால் தட்டிக் காட்டி 'பாருங்க சார் எப்படி அடிக்குது' என்று பெருமைப்பட வேண்டும் என்பதற்காகவே அதை லேசாகத் தட்டினாலே அடிக்கும் அளவுக்கு முழுதாகக் கூட்டி வைத்துவிடுவார்கள். அப்புறம் லாரி போனால் அடிக்கும், இடி இடித்தால் அடிக்கும், பூனை பானெட்டில் குதித்தால் அடிக்கும். பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கண்ணாடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் மட்டும் முழு சைரன் வரும் அளவில் நிறுத்துங்கள். பல ரிமோட்டுகளில் சத்தமில்லாமல் லாக் செய்யவும், ஷாக் சென்சாரை மட்டும் அன்றிரவுக்கு அணைத்து வைக்கவும் பட்டன் இருக்கும்.

இது அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்காக மட்டும் சொல்வதில்லை. தினமும் சும்மா கத்துகிற அலாரத்தை நிஜமாகத் திருடன் வரும் அன்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், நீங்களே கூட.

எவ்வளவு நேரம் அடிக்கும்?

பொதுவாக அரை நிமிடம் போல. ஐரோப்பிய விதியிலும் 25 முதல் 30 நொடிதான். பிறகு நின்று, மறுபடி காவலுக்குப் போய்விடும். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி போகும், தெருவில் சண்டையும் வரும்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டால் அலாரம் செத்துவிடுமே?

ஹாரனை மட்டும் நம்பும் அலாரம் செத்துவிடும். அதற்காகத்தான் சைரனுக்குள்ளேயே தனிச் சின்ன பேட்டரி வைத்த வகை வந்தது. மெயின் கரண்ட் நின்றதும் 'யாரோ வயரில் கை வைத்துவிட்டார்கள்' என்று அது தன் பேட்டரியில் அலறும். உங்கள் காரில் இது இருந்தால், பேட்டரி மாற்றும்போது சைரனை முறைப்படி அணைக்காமல் டெர்மினலைக் கழற்றினால் காது போகும். இம்மொபிலைசருக்கோ இந்தக் கவலையே இல்லை. அது பூட்டியிருப்பதுதான் இயல்பு நிலை, கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும்.

சாதாரணச் சாவி மாதிரிதான் இருக்கிறது, அதற்குள் என்ன இம்மொபிலைசர்?

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கும், இக்னிஷனை ஆன் செய்ததும் அந்தச் சுருள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். கார் ஒரு எண்ணை அனுப்பும். சிப் தன்னிடம் உள்ள ரகசியத்தை வைத்து அதைக் கணக்குப் போட்டு விடையை அனுப்பும். காரும் அதே கணக்கைத் தானும் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால்தான் இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலும் தீப்பொறியும் விடும். ஒவ்வொரு தடவையும் எண் மாறுவதால் நேற்றைய விடையைப் பதிவு செய்து இன்று போட்டால் பலிக்காது. இவ்வளவும் நீங்கள் செல்ஃப் அடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. மாருதி இதற்கு 'ஐ-கேட்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது, மற்ற கம்பெனிகளில் வேறு பெயர், சங்கதி ஒன்றுதான்.

ஓரத்தில் சாவி வெட்டும் கடையில் டூப்ளிகேட் போட்டால் கதவு திறக்கிறது, வண்டி மட்டும் ஓடி ஓடி நின்றுவிடுகிறது என்றால் காரணம் இதுதான். பல் வெட்டியிருக்கிறார்கள், சிப் இல்லை. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தாலும் இதே பிரச்சினை. முதலில் சாவிக்கொத்தில் இருக்கும் வேறு வண்டிச் சாவியைப் பிரித்து எடுத்துவிட்டு முயலுங்கள், இரண்டு சிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கார் குழம்பும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

ரிமோட் சிக்னலை யாராவது காப்பி அடிக்க முடியுமா?

பழைய மலிவு ரிமோட்டுகளில் முடியும். அவை எப்போதும் ஒரே கோட் எண்ணையே அனுப்பும். ஒருமுறை பிடித்துவிட்டால் போதும். அதனால் வந்ததுதான் ரோலிங் கோட். ரிமோட்டிலும் காரிலும் ஒரு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று கூடும், அது மறைகுறியாக மாறித்தான் வெளியே போகும். பழைய எண் வந்தால் கார் கண்டுகொள்ளாது. வீட்டில் குழந்தை ரிமோட்டை எடுத்துச் சும்மா அழுத்திக்கொண்டிருந்தால் ரிமோட்டின் எண் ஓடிவிடுமே என்று கேட்பீர்கள். கொஞ்சம் முன்னால் போயிருந்தால் கார் பொறுத்துக்கொள்ளும், கீலாக் என்ற பிரபலமான முறையில் 16 அழுத்தல் வரை. அதற்கும் மேலே போயிருந்தால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் ஒத்துக்கொண்டுவிடும். முதல் அழுத்தலுக்குத் திறக்காமல் மறு அழுத்தலுக்குத் திறந்த அனுபவம் சிலருக்கு இருக்கும், அதன் ரகசியம் இது.

இதையும் ஏமாற்ற வழி கண்டுபிடித்தவர்கள் உண்டு. சாமி கம்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2015-ல் சுமார் 30 டாலர் செலவில் ஒரு கருவி செய்து, சிக்னலைக் காருக்குப் போகவிடாமல் மறித்து, இன்னும் பயன்படுத்தாத கோட் எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியும் என்று காட்டினார். ஆனால் நடைமுறையில் நீங்கள் பயப்பட வேண்டியது இதைவிட எளிய வேலைக்கு. லாக் அழுத்தும் நேரத்தில் ஜாமர் போட்டால் சிக்னல் காருக்குப் போகாது. நீங்கள் பூட்டியாகிவிட்டது என்று திரும்பிப் பார்க்காமல் போய்விடுவீர்கள். மருந்து ஒன்றுதான்: இண்டிகேட்டர் மின்னியதா பாருங்கள், கைப்பிடியை ஒரு இழு இழுத்துப் பாருங்கள். (கதவைத் தொட்டாலே திறக்கும் கீலெஸ் கார் என்றால் பக்கவாட்டுக் கண்ணாடி மடங்கியதா, இண்டிகேட்டர் மின்னியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கீலெஸ் கார்தான் எளிதாகத் திருடுபோகிறதாமே?

பழைய வகையில் அந்த ஆபத்து நிஜம். நீங்கள் கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு தாழ் அலை சிக்னல் விடும். அது ஓரிரு மீட்டர்தான் போகும். பாக்கெட்டில் இருக்கும் சாவி அதைக் கேட்டுப் பதில் சொல்லும். 'பதில் வந்துவிட்டது, அப்படியானால் சாவி பக்கத்தில்தான் இருக்கிறது' என்று கார் நம்புகிறது. இரண்டு பேர் இரண்டு கருவியோடு வந்து, ஒருவன் கார் பக்கத்திலும் மற்றவன் உங்கள் வீட்டுக் கதவு பக்கத்திலும் நின்று சிக்னலை நீட்டிக் கொடுத்தால், ஹாலில் மாட்டியிருக்கும் சாவியோடு கார் பேசிவிடும். 2011-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 கம்பெனிகளின் 10 மாடல்களை வைத்துச் சோதித்தார்கள், பத்திலும் பலித்தது. அலாரம் அடிக்காது, ஏனென்றால் காரைப் பொறுத்தவரை உரிமையாளர்தான் திறந்திருக்கிறார்.

புதிய சாவிகள் சிலவற்றில் அசைவு சென்சார் இருக்கிறது, மேசையில் சும்மா கிடந்தால் சாவி தூங்கிவிடும். யு.டபிள்யு.பி. (அல்ட்ரா வைட்பேண்ட்) என்ற ரேடியோ வகைச் சாவிகள் சிக்னல் வந்து போகும் நேரத்தை அளந்து உண்மையான தூரத்தையே கண்டுபிடிக்கும். உங்களிடம் பழைய வகை என்றால் வாசலுக்குப் பக்கத்தில் சாவியை மாட்டாதீர்கள். உலோக நூல் வைத்துத் தைத்த சிக்னல் மறைக்கும் பை கிடைக்கிறது, அதற்குள் போட்டுவிட்டு, பையைக் கையில் வைத்தபடி கார் பக்கத்தில் நின்று கதவு திறக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னும் ஒரு வழி வந்திருக்கிறது. 2022-ல் லண்டனில் ஒரு டொயோட்டா ராவ்4, ஹெட்லைட் பக்க வயரிங் வழியாகக் காரின் உள் நெட்வொர்க்குக்குள் பொய்த் தகவல் செலுத்தித் திருடப்பட்டது. சாவியோடு பேச்சே இல்லை. கார் நிறைய கம்ப்யூட்டர் ஆக ஆக இதுவும் நடக்கும். இதற்கு எதிராக நம் கையில் இருப்பது பழைய காலத்து இரும்பு ஸ்டியரிங் லாக்தான், சிரிக்காதீர்கள்.

கம்பெனி அலாரம் இல்லாத பழைய காருக்கு வெளியில் மாட்டலாமா?

தாராளமாக. சென்னையில் என்றால் ஜி.பி. ரோடு முழுக்க அதுதான். ஆனால் அலாரத்தின் பிராண்டைவிட மாட்டுகிறவர் கை முக்கியம். வயரைச் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போகிறவர் வேண்டாம். ஒரு கோடைக்காலம் போனால் டேப் பசை உருகி வயர் தனியாக நிற்கும், நடுரோட்டில் கார் நிற்கும். வயரை வெட்டாமல் அப்படியே செருகும், உங்கள் காருக்கென்றே வரும் கப்ளர் வயரிங் கிடைக்கிறதா என்று கேளுங்கள். தனி ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். வாரண்டியில் இருக்கும் கார் என்றால் வயரை வெட்டவே விடாதீர்கள், பிறகு மின்சாரக் கோளாறு எது வந்தாலும் சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிடுவார்கள்.

இன்ஜின் கட் ரிலே (கரண்டைத் துண்டித்து வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாமல் செய்யும் சுவிட்ச்) போடுவதாக இருந்தால் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயரில் போடச் சொல்லுங்கள். ஓடும் இன்ஜினுக்குப் போகும் வயரில் போட்டு அந்த ரிலே ஒருநாள் கெட்டுப்போனால் பைபாஸில் நூறில் போகும்போது இன்ஜின் அணையும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல் மாதிரி ஆகிவிடும்.

பைக்குக்கு?

பைக்கில் அலாரத்தின் பலன் குறைவு, நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி மினி வேனில் போட்டுவிடலாம், அலாரம் வேனுக்குள் கத்திக்கொண்டு போகும். ஹேண்டில் லாக்கை மட்டும் நம்பவும் கூடாது, அது காலால் உதைத்தே உடைபடுகிற சமாசாரம். கனமான சங்கிலி போட்டு அசையாத ஏதாவது ஒன்றோடு கட்டுவதுதான் முதல் வேலை, கூடவே பிரேக் டிஸ்க்கில் மாட்டும் டிஸ்க் லாக்கும் போடலாம். அலாரம் அதற்குத் துணை. டிஸ்க் லாக் போட்டால் ஹேண்டிலில் ஒரு ஞாபகக் கயிறு கட்டுங்கள், மறந்து வண்டியை எடுத்துக் கீழே விழுகிறவர்கள் நிறைய.

பேட்டரியைக் குடித்துவிடுமா?

கணக்கு போட்டே பார்க்கலாம். பூட்டி நிற்கும் கார் மொத்தமாக 30 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி தீர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே நல்ல பேட்டரி என்றால் ஒரு வாரம் ஊருக்குப் போய்வரக் கவலையில்லை. பைக்கில் அப்படி இல்லை. 4 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 10 மில்லி ஆம்பியர் அலாரம் மாட்டினால் எட்டே நாளில் பாதி காலி. கிக்கர் இல்லாத வண்டியில் இது தலைவலி.

ஜி.பி.எஸ். டிராக்கர் இருந்தால் அலாரம் வேண்டாமே?

வேலை வேறு. டிராக்கர் திருட்டைத் தடுக்காது, போன பிறகு எங்கே போகிறது என்று காட்டும். சிம் ரீசார்ஜ் தீர்ந்திருந்தால் அதுவும் காட்டாது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் சிக்னல் இருக்காது. ஏர்டேக் (பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப்பிளின் சின்ன வில்லை) போட்டு வைக்கலாமா என்கிறார்கள். போடலாம், ஆனால் முன்பின் தெரியாத ஏர்டேக் கூடவே வந்தால் அது திருடனின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பிவிடும், யாரையும் வேவு பார்க்காமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆப்பில் இன்ஜினை அணைக்கும் வசதி இருந்தால் வண்டி ஓடும்போது அழுத்தாதீர்கள். நின்ற பிறகு அழுத்துங்கள். இருக்கும் இடம் தெரிந்தாலும் நீங்கள் தனியாகப் போய் நிற்காமல் போலீஸோடு போங்கள்.

ரிமோட் பேட்டரி தீர்ந்து கார் முன்னால் நிற்கிறேன், என்ன செய்வது?

ஸ்மார்ட் சாவி என்றால் அதன் பக்கவாட்டில் சின்னப் பொத்தானை அழுத்தி இழுத்தால் உள்ளேயிருந்து ஒரு உலோகச் சாவி வரும். அதை வைத்துக் கதவைத் திறங்கள். சில கார்களில் அப்போது அலாரம் அடிக்கும், பதற வேண்டாம். உள்ளே உட்கார்ந்து ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டி வைத்து, பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்துங்கள். சில மாடல்களில் வைக்கும் இடம் வேறு, கையேட்டில் படம் போட்டிருக்கும். மேலே சொன்ன பேட்டரி இல்லாத சிப் இதற்குள்ளும் இருப்பதால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அலாரமும் நின்றுவிடும். அப்புறம் மருந்துக்கடையிலோ வாட்ச் கடையிலோ வட்ட பேட்டரி வாங்கிப் போடுங்கள், பெரும்பாலும் சி.ஆர். 2032.

இன்சூரன்ஸில் ஏதாவது குறையுமா?

ஏ.ஆர்.ஏ.ஐ. (இந்திய வாகன ஆராய்ச்சி அமைப்பு) அங்கீகரித்த சாதனம் மாட்டியிருந்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி என்று மோட்டார் டாரிஃபில் இருக்கிறது. அந்த ஐந்நூறுக்காக மாட்டுவதில் அர்த்தமில்லை. முக்கியமானது வேறு: தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழு பாலிசி இருந்தாலும் கிளைம் செய்யும்போது எஃப்.ஐ.ஆர்., வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் 'நான் டிரேசபிள்' சான்றிதழ் இவற்றோடு இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று இல்லை என்றால், அல்லது சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால், கிளைம் இழுபறிதான்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். ஒரு சாவிதான் கொடுத்தார்கள், பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். அந்த இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு உங்கள் கார் தன் கார் மாதிரிதான் திறக்கும், அலாரம் முனகக்கூட முனகாது. ஷோரூம் சர்வீஸ் சென்டரில் ஆர்.சி.யைக் காட்டி, கார் மெமரியில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். பழையதை எல்லாம் அழித்துவிட்டு உங்கள் கையில் இருப்பதையும் புதிதாக ஒன்றையும் மட்டும் பதியச் சொல்லுங்கள். புதுச் சாவிக்குச் சில ஆயிரம் ஆகும். வெளி அலாரம் மாட்டிய கார் என்றால் அதன் ரிமோட்டுகளையும் இதே போல அழித்துப் பதிய வேண்டும். கதவின் சாவித் துவாரம் மட்டும் பழைய சாவிக்கும் திறக்கும். அதுவும் உறுத்தினால் லாக் செட்டையே மாற்ற வேண்டியதுதான்.